பால்வீதி வழியே பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்துப் பையன்கள் எழுதும் டயரியில் என்ன இருக்கும்? காலையில் எழுந்தது, பள்ளிக்கூடம் போனது, கணக்குப் பரீட்சையில் இத்தனை மார்க்கு வாங்கியது, சாயங்காலம் பாட்டி வீட்டுக்குப் போய் வந்தது. பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். புது வருஷத்தன்று தகப்பனார் ஆசையோடு வாங்கிக் கொடுத்த டயரி பொங்கல் வரையில் ஒழுங்காக நிரம்பும். அதற்கப்புறம் அது தாயாரின் பால் கணக்குப் புத்தகமாகிவிடும். அதில் பையன் எழுதியதைப் பெரியவர்கள் யாரும் பொருட்படுத்திப் படிப்பதில்லை. பத்திரப்படுத்தி வைப்பதும் இல்லை.

ஆனால், இதே மாதிரி எழுதப்பட்ட ஒரு டயரியை உலகம் இன்று பல பாஷைகளில் படிக்கிறது. எழுத ஆரம்பித்தபோது அந்தப் பையனுக்கு வயது 13. அவன் எழுதியது ஒரு வருஷத்துக்கும் குறைவான காலம். அதில் வீரதீரச் செயல்கள் கிடையாது. பள்ளிக்கூடம் போன வழி, வழியில் கண்ட காட்சி, வகுப்பில் நடந்த வேடிக்கை, வீட்டுக்கு வந்து செய்த காரியம் ஆகியவைதான் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அப்படியிருந்தும், படிப்பவர்களின் நெஞ்சு கனத்துப் போகிறது. காரணம், அவன் நடந்த வழி நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது. எப்படிக் குறுகியது என்பதை அவன் ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு குறித்து வைத்திருக்கிறான்.

அந்தப் பையனின் பெயர் பெட்ர் கின்ஸ். ஊர், செக்கோஸ்லோவாகியாவின் தலைநகராக இருந்த பிராக்.

எஸ்பராண்டோ தந்த குடும்பம்

பெட்ர் பிறந்தது 1928-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி. தகப்பனார் ஒட்டோ கின்ஸ், பிராக் நகரத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவின் நிர்வாகி. அவர் யூதர். தாயார் மரியா கத்தோலிக்க மதத்தில் பிறந்தவர். இவ்விருவரையும் சேர்த்து வைத்தது எஸ்பராண்டோ பாஷை. உலக மக்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று கருதி உருவாக்கப்பட்ட செயற்கை மொழி அது. அந்த மொழி பயின்றவர்களின் மாநாடு ஒன்றில் சந்தித்தவர்கள் பிறகு தம்பதிகள் ஆனார்கள். மூத்த பிள்ளை பெட்ர்; இரண்டு வயது இளையவள் தங்கை ஈவா. வீட்டில் செக் மொழியோடு எஸ்பராண்டோவும் புழங்கியது. மனிதர்களுக்கு நடுவே சுவர் கூடாது என்று நம்பியவர்களின் வீடு அது.

பையனுக்குப் படிப்பதில் அடங்காத ஆசை. சந்திரனுக்கும் கடலுக்கு அடியிலும் கற்பனையில் பிரயாணம் செய்த பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் அவனுக்கு மிகவும் பிடித்தவர். அவரைப் பின்பற்றித் தானும் நாவல்கள் எழுதினான். தானே படமும் போட்டான். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எழுதியவற்றில் ஒரே ஒரு நாவல்தான் மிஞ்சியிருக்கிறது. பழைய நோட்டுப் புத்தகங்களின் தாள்களைச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு, சொந்தமாகவே புத்தகம் கட்டும் வித்தையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. டயரியும் அப்படிக் கட்டியதுதான். கடையில் வாங்கியதல்ல.

1939 மார்ச் 15-ந் தேதி ஹிட்லரின் படைகள் பிராக் நகரத்துக்குள் நுழைந்தன. பெட்ருக்கு அப்போது வயது 11. அன்று முதல் யூதர்களின் மீது ஒவ்வொரு சட்டமாக விழ ஆரம்பித்தது. சினிமாவுக்குப் போகக் கூடாது; நாடகத்துக்குப் போகக் கூடாது; பூங்காவில் உட்காரக் கூடாது; இரவு 8 மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. 1940-ல் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கூடங்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். யாகிமோவா தெருவில் இருந்த யூதர் பள்ளிக்கூடம் ஒன்றுதான் பெட்ரைப் போன்ற பிள்ளைகளுக்கு மிச்சம்.

அறுபத்தொன்பது நட்சத்திரங்கள்

பெட்ரின் வீடு ஸ்டார்கோவா தெருவில் இருந்தது. அங்கிருந்து பழைய நகரத்தின் சந்துகள் வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். வழியில் வருவது ட்லௌஹா தெரு. செக் மொழியில் அந்தப் பெயருக்கு ‘நீளமானது’ என்று பொருள். தெருவும் பெயருக்கேற்ப நீளமானதுதான்.

நமக்குக் கிடைத்திருக்கும் டயரியின் முதல் குறிப்பு 1941 செப்டம்பர் 19-ந் தேதிக்கு உரியது. அன்றைக்குத்தான் ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் ஒவ்வொருவரும் மஞ்சள் துணியில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றைச் சட்டையின் இடது மார்பில் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடமாட வேண்டும். நட்சத்திரத்தின் நடுவே ‘யூதன்’ என்று கறுப்பில் எழுதியிருக்கும்.

பெரியவர்களுக்கு அது தாங்க முடியாத அவமானம். மார்பில் முத்திரையைக் குத்திக்கொண்டு, தெரிந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எத்தனையோ பேர் அன்று காலையில் வாசற்படியில் தயங்கி நின்றிருப்பார்கள். பதின்மூன்று வயதுப் பையன் என்ன செய்தான்? அன்று பனி மூட்டமாக இருந்தது என்பதை முதலில் எழுதினான். பிறகு, பள்ளிக்கூடம் போகும் வழியில் எத்தனை பேர் நட்சத்திரம் அணிந்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தான். 69 பேர்! பிறகு வெளியே போன தாயார் நூறு பேருக்கு மேல் பார்த்ததாகச் சொன்னதையும் சேர்த்து எழுதிவிட்டான்.

அவன் அவர்களுக்கு வைத்த பெயர் ‘ஷெரிப்’. அமெரிக்கக் குதிரை வீரர் கதைகளில் நட்சத்திர வில்லை அணிந்து, ஊர்க்காவல் புரிந்து, துஷ்டர்களைப் பிடிக்கும் அதிகாரிக்கு அதுதானே பெயர்! ட்லௌஹா தெருவில் நட்சத்திரம் அணிந்தவர்கள் நிறையப் பேர் நடமாடியதால் அந்தத் தெருவுக்கு மக்கள் பால்வீதி என்று பெயர் வைத்துவிட்டதையும் அவன் குறித்திருக்கிறான். நட்சத்திரக் கூட்டத்துக்குத் தமிழில் நாம் வழங்கும் பெயரிலேயே வீதி இருக்கிறது. பிராக் நகரத்து யூதர்கள் அந்த வீதியில் கால் வலிக்க நடந்தே போனார்கள்.

அவமானப்படுத்தப் பிறந்த சட்டத்தை ஒரு பள்ளிப் பையனின் குறும்பு இப்படி எதிர்கொண்டது. சிரித்ததோடு அவன் நின்றுவிடவில்லை, எண்ணியும் வைத்தான். அந்த எண்ணிக்கைதான் இன்று சாட்சியாக நிற்கிறது.

பின் வண்டிப் பிரயாணம்

பிராக் நகரத்தில் மின்சார டிராம் 1891-ம் வருஷத்திலேயே வந்துவிட்டது. முன்னால் மோட்டார் வண்டி; அது தனக்குப் பின்னால் ஒன்றிரண்டு வண்டிகளை இழுத்துக்கொண்டு கணகணவென்று மணியடித்தபடி போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் முன் வண்டியின் மேல்தான் ஆசை. டிரைவர் விசையைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா!

யூதப் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் 1940-லேயே போய்விட்டது. முன் வண்டியில் அவர்கள் ஏறக் கூடாது. கடைசி வண்டியில்தான் ஏற வேண்டும். அங்கே இடமில்லாவிட்டால் நடக்க வேண்டியதுதான்.

பெட்ரின் டயரியில் இப்படிப்பட்ட தடைகள் ஒவ்வொன்றும் வந்த அன்றைக்கே பதிவாகின்றன. கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. இன்று பள்ளிக்கூடத்தில் இன்ன பரீட்சை நடந்தது என்று ஒரு வரி. இன்ன பொருளை ஒப்படைத்துவிடும்படி யூதர்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று அடுத்த வரி. இரண்டுக்கும் ஒரே குரல்தான், ஒரே கையெழுத்துத்தான்.

ஆனால் 1942 ஜனவரி 1-ந் தேதி அவன் சற்று நிதானித்துப் பார்க்கிறான். புது வருஷம் பிறந்த அன்று கணக்கைச் சரிபார்ப்பதுபோல, இப்போது சர்வசாதாரணமாகிவிட்ட விஷயங்கள் பழைய காலமாயிருந்தால் எவ்வளவு பரபரப்பை உண்டாக்கியிருக்கும் என்று யோசிக்கிறான். யூதர்களுக்குப் பழம் கிடையாது. கோழி, வாத்து முதலான பறவை இறைச்சி கிடையாது. பாலாடைக் கட்டி கிடையாது. வெங்காயமும் பூண்டும் கூடக் கிடையாது. புகையிலைப் பங்கீட்டுச் சீட்டு யாருக்குக் கிடையாது என்றால் கைதிகளுக்கும், பைத்தியக்காரர்களுக்கும், யூதர்களுக்கும். டிராமின் முன் வண்டியில் ஏறக் கூடாது. நகரத்தின் நடுவே ஓடும் வல்தாவா நதியின் கரையில் உலாவக் கூடாது. இப்படியே பட்டியல் போகிறது.

டயரி முழுவதிலும் மிக முக்கியமான இடம் இதுதான் என்று சொல்லலாம். அநியாயம் ஒரே நாளில் முழு உருவத்தோடு வருவதில்லை. முதலில் டிராமின் முன் வண்டி, பிறகு பூங்காவின் பெஞ்சு, அதற்கப்புறம் கூடையிலிருக்கும் வெங்காயம் என்று அற்ப விஷயங்களாகத் தவணை முறையில் வருகிறது. ஒவ்வொரு தவணையிலும் மனிதன், ‘சரி, இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று பழகிக்கொள்கிறான். மொத்தத் தொகையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்த்தவன் பிராக் நகரத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன்.

காலியான பெஞ்சுகள்

இவ்வளவு நெருக்கடியிலும் பையன்கள் பையன்களாகத்தான் இருந்தார்கள். பனி விழுந்தால் உருட்டி எறிந்துகொண்டார்கள். உபாத்தியாயர்களை நகைத்தார்கள். பரீட்சைக்குப் பயந்தார்கள், மார்க்குக்காகச் சண்டையிட்டார்கள். பூங்காக்கள் மூடப்பட்டதால், பழைய யூதர் இடுகாடே பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாயிற்று. நூற்றாண்டுகளுக்கு முந்திய கல்லறைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் அந்த இடத்தில்தான் அவர்கள் மரங்களையும் புல்லையும் பார்த்தார்கள்.

1941 அக்டோபரில் ரயில்கள் புறப்பட ஆரம்பித்தன. பிராக் யூதர்களில் ஒரு தடவைக்கு ஆயிரம் பேராகத் திரட்டி, போலந்து நாட்டிலுள்ள லோட்ஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு நவம்பர் மாதத்திலிருந்து, பிராக் நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள தெரெசின் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான் கொண்டுபோகலாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது யாருக்கும் தெரியாது. உத்தரவுக் காகிதம் வந்தால் புறப்பட வேண்டும்.

பெட்ரின் டயரியில் இப்போது புதிய வகைக் குறிப்புகள் தலைகாட்டுகின்றன. இன்னாருக்குக் காகிதம் வந்துவிட்டது. இன்னார் விடைபெற்றுக்கொண்டு போனார். இன்ன உறவினருக்குச் சாமான் கட்ட உதவி செய்யப் போனோம் என்ற குறிப்புகள். வகுப்பில் நேற்று உட்கார்ந்திருந்தவன் இன்று இல்லை. உபாத்தியாயரும் சில சமயம் இல்லை. மற்ற ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆஜர்ப் பட்டியலில் ‘வரவில்லை’ என்று குறித்தால், ஜுரமோ ஊர்ப்பயணமோ என்று அர்த்தம். யாகிமோவா தெருப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டாகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு

ஜெர்மானிய அதிகாரியாகப் பிராக் நகரத்தில் கொடுங்கோல் செலுத்தி வந்தவர் ஹைட்ரிக். 1942 மே 27-ந் தேதி அவருடைய கார் ஒரு தெருத் திருப்பத்தில் தாக்கப்பட்டது. செக்கோஸ்லோவாகிய தேசபக்தர்கள் நடத்திய தாக்குதல் அது. ஜூன் 4-ந் தேதி அவர் இறந்தார். பழிவாங்கும் படலம் ஆரம்பமாயிற்று. ஜூன் 10-ந் தேதி லிடிட்சே என்ற கிராமத்தில் ஆண்கள் 173 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள், குழந்தைகளில் பெரும்பாலோரைக் கொன்றார்கள், கிராமத்தையே தரைமட்டமாக்கினார்கள். பிராக் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் தினந்தோறும் அறிவிக்கப்பட்டன. இந்தச் செய்திகளும் பெட்ரின் குறிப்பேட்டில் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்திலேயே இடம்பெற்றிருக்கின்றன.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். லிடிட்சே அழிந்த இரண்டாம் நாள், அதாவது ஜூன் 12-ந் தேதி, ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு யூதச் சிறுமிக்குப் பதின்மூன்றாவது பிறந்த நாள். பரிசாக ஒரு டயரி கிடைத்தது. அவள்தான் ஆனி பிராங்க். அவளுடைய ஊரிலும் யூதர்கள் டிராமில் ஏற முடியாது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பிள்ளைகள், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து, ஒரே கோடைகாலத்தில் ஒரே கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனி தன் மனத்துக்குள் ஓடியதையெல்லாம் எழுதினாள். பெட்ர் தெருவில் நடந்ததை எழுதினான்.

ஜூலை மாதம் யூதர் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடும்படி உத்தரவாயிற்று. நடந்து போக வழி இருந்தது. போய்ச் சேரப் பள்ளிக்கூடம் இல்லை. ஆகஸ்ட் மாதத்தோடு டயரியும் நிற்கிறது.

கடைசிப் பிரயாணம்

தாயார் யூதர் அல்ல என்பதால் தகப்பனாரை உடனே அனுப்பவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கலப்பு மணத்தில் பிறந்து யூதர்களாகக் கணக்கிடப்பட்ட பிள்ளைகளுக்கு 14 வயது நிரம்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மற்ற வீடுகளில் பிள்ளையின் பிறந்த நாள் வந்தால் பாயசம் வைப்பார்கள். அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு வயது கூடுவதே பெற்றவர்களின் வயிற்றில் நெருப்பாயிற்று.

1942 அக்டோபரில் பெட்ருக்குக் காகிதம் வந்தது. அப்போது அவன் டைப்ரைட்டர்களைச் சுத்தம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். செய்தி வந்த அன்றைய நிகழ்ச்சிகளைப் பிற்பாடு தெரெசினில் அவனே எழுதி வைத்திருக்கிறான். அழுது ஆர்ப்பரிக்காமல் வீட்டுக்குப் போனான். மூட்டையில் அவன் மறக்காமல் வைத்துக்கொண்ட பொருள்கள் என்ன தெரியுமா? எழுதுவதற்குக் காகிதம், படம் செதுக்கி அச்செடுப்பதற்கு லினோலியமும் உளிகளும், பாதி எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதி.

ஆட்களைத் திரட்டும் இடம் பிராக் நகரத்தின் பொருட்காட்சி மைதானத்துக்கு அருகில் இருந்த மரக் கொட்டகைகள். தகப்பனார் உடன் போய் விட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து ரயில் பொஹுஷோவிட்சே ஸ்டேஷன் வரையில் போகும். தெரெசினுக்கு அப்போது தண்டவாளம் கிடையாது. மீதிச் சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தை மூட்டை முடிச்சுகளோடு நடந்துதான் கடக்க வேண்டும். நடப்பதற்குப் பழகிய கால்கள்தான். ஆனால் இந்தத் தடவை திரும்பி வரும் வழி இல்லை.

கோட்டைக்குள் ஒரு பத்திராசிரியன்

தெரெசின் என்பது 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப், தம் தாயார் மரியா தெரேசாவின் பெயரால் கட்டிய கோட்டை நகரம். நாஜிகள் அதைப் பெரிய சிறைக்கூடமாக்கினார்கள். யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டார்கள். சுமார் 88,000 பேர் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பையன்களை அடைத்து வைத்த கட்டிடங்களில் ஒன்றுக்கு எல் 417 என்று பெயர். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அந்தக் கட்டிடம் முன்பு ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. பள்ளிக்கூடம் பறிக்கப்பட்ட பையன், பாடம் நடத்தக் கூடாது என்று தடை விதிக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்க நேர்ந்தது. ஆனாலும் வால்டர் ஐசிங்கர் என்ற இளம் ஆசிரியர் அங்கே பையன்களுக்கு ரகசியமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவருடைய தூண்டுதலில் பையன்கள் ஒரு வாரப் பத்திரிகையே நடத்தினார்கள். பெயர் ‘வெதெம்’. ‘நாம் முன்னே செல்கிறோம்’ என்று பொருள்.

அதன் ஆசிரியர் பெட்ர். ஒரே ஒரு பிரதிதான். வெள்ளிக்கிழமை மாலையில் எல்லோரும் கூடி உட்கார, கட்டுரையை எழுதியவனே எழுந்து படிப்பான். விஷயதானம் கிடைக்காவிட்டால், வீட்டிலிருந்து வந்த தின்பண்டத்தைக் கொடுத்துக் கட்டுரை வாங்குவானாம் ஆசிரியர். அப்படியும் பக்கம் நிரம்பாவிட்டால் வேறு புனைபெயரில் தானே எழுதிவிடுவான். பசி வாட்டும் இடத்தில் தன் பங்கு உணவைக் கொடுத்துக் கட்டுரை வாங்கிய பத்திராசிரியர்கள் சரித்திரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

வழி நடப்பதும், கண்டதைக் கணக்கெடுப்பதும் அவனை விட்டுப் போகவில்லை. தெரெசின் தெருக்களில் உலாவி, ரொட்டி சுடும் இடம், தீயணைப்பு நிலையம், பிணம் எரிக்கும் கூடம் என்று ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்து, அங்கே எவ்வாறு வேலை நடக்கிறது என்று தொடர் கட்டுரை எழுதினான். மாதா மாதம் தான் படித்த புத்தகங்களுக்கும், கற்ற பாடங்களுக்கும், செய்த வேலைகளுக்கும் ஜாபிதா போட்டு வைத்தான். 1942 டிசம்பரிலிருந்து 1944 கோடைகாலம் வரையில் ‘வெதெம்’ ஏறத்தாழ 800 பக்கங்கள் வெளிவந்தது. பையன்களில் ஒருவன் அவற்றை ஒளித்து வைத்துக் காப்பாற்றினான்.

ஜன்னலில் கொடுத்த ரொட்டி

தங்கை ஈவாவுக்கும் 14 வயது நிரம்பியது. 1944 மே மாதத்தில் அவளும் தெரெசினுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணனும் தங்கையும் சில மாதங்கள் ஒரே மதிலுக்குள் இருந்தார்கள்.

செப்டம்பர் 28-ந் தேதி பெட்ர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயில் ஏற்றப்பட்டான். அன்று நடந்ததை ஈவா தன் டயரியில் எழுதி வைத்திருக்கிறாள். அண்ணனுக்கு வழியில் பசிக்குமே என்று ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கூட்டத்தை விலக்கி, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, ஜன்னல் வழியாக ரொட்டியைக் கொடுத்தாள். கம்பிகளுக்கு ஊடே அவன் கையை ஒரு கணம் பற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. அதற்குள் காவலாள் வந்து விரட்டிவிட்டான்.

பெட்ர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டான். பதினாறு வயது. ஈவா உயிர் பிழைத்தாள். 1945 பிப்ரவரியில் தெரெசினுக்கு அனுப்பப்பட்ட தகப்பனாரும் பிழைத்தார். பிராக் நகரத்தில் தனியே காத்திருந்த தாயாரிடம் இருவர்தான் திரும்பி வந்தார்கள். ஈவா பின்னர் இஸ்ரேலில் குடியேறி, ஹவா பிரெஸ்பர்கர் என்ற பெயரில் சித்திரக் கலைஞராக விளங்கினார்.

வானத்தில் போன படம்

பெட்ர் வரைந்த படங்களில் ஒன்று, சந்திரனின் கூரிய மலைகளிடையே நின்று பார்த்தால் ஆகாயத்தில் பூமி எப்படித் தெரியும் என்று காட்டுவது. சந்திரனைச் சுற்றி வந்த அமெரிக்க விண்வெளி வீரர்கள் அந்தக் காட்சியை நேரில் கண்டு படம் பிடித்தது 1968 டிசம்பரில்தான். நதிக்கரையில் உலாவுவதற்குக்கூட அனுமதியில்லாத பையன், கால் நூற்றாண்டு முன்னதாகவே சந்திரனுக்குப் போய்விட்டு வந்திருந்தான்!

2003 ஜனவரி 16-ந் தேதி கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. அதில் சென்ற இஸ்ரேலிய வீரர் இலன் ரமோன், ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய ஒரு தாயாரின் மகன். அவர் ஜெருசலத்திலுள்ள யாத் வஷேம் நினைவுக் காட்சிசாலையிலிருந்து அந்தச் சந்திரப் படத்தின் பிரதியை வாங்கிக் கொண்டுபோனார். பிப்ரவரி 1-ந் தேதி திரும்பும் வழியில் கொலம்பியா வானிலேயே சிதறியது. உயிரிழந்த எழுவரில் நம் நாட்டின் கர்னால் நகரத்தில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்ர் இருந்திருந்தால் அன்று அவனுக்கு 75-வது பிறந்த நாள்.

அந்தத் துக்கச் செய்தியோடு பெட்ர் கின்ஸ் என்ற பெயரும் உலகமெங்கும் ஒலித்தது. பிராக் நகரத்தில் ஒருவர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். தம்முடைய பழைய வீட்டின் பரணில் கிடந்த குறிப்பேடுகளில் அதே பெயரைப் பார்த்த ஞாபகம் அவருக்கு வந்தது. யாத் வஷேமுக்கு எழுதினார். பெயரும் கையெழுத்தும் பொருந்தின. அறுபது வருஷத்துக்குப் பிறகு அண்ணனின் டயரி தங்கையின் கைக்கு வந்தது. அவர் அதைப் பதிப்பித்து 2004-ல் செக் மொழியிலேயே வெளியிட்டார். 2007-ல் ஆங்கிலத்திலும் வந்தது. சூரியனைச் சுற்றும் 50413-ம் எண் குறுங்கோளுக்கு இப்போது பெட்ர் கின்ஸின் பெயர்.

சிறு பிள்ளையின் பெரிய கணக்கு

அந்த நாட்களைப் பற்றி எழுதாத சரித்திராசிரியர் இல்லை. ஆயினும், ஒரு பனி மூட்டமான காலையில் பிராக் நகரத்தின் ஒரு தெருவில் எத்தனை பேர் மார்பில் நட்சத்திரத்தோடு நடந்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன்தான் எண்ணி எழுதினான். வெங்காயம் மறுக்கப்பட்டதை ஒரு பெரிய விஷயமாக எழுதத் தோன்றியதும் அவனுக்குத்தான். கண் முன்னே நடப்பதைச் ‘சாதாரணம்’ என்று ஒதுக்கிவிடாமல், தேதி போட்டு உள்ளபடி எழுதி வைத்தான். எழுதியவன் போய்விட்டான். எழுதியதை அழிக்க முடியவில்லை.

யாகிமோவா தெருவுக்குச் சற்றுத் தூரத்தில் பிங்காஸ் யூதக் கோயில் இருக்கிறது. பொஹீமியா, மொரேவியா பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்டு உயிரிழந்த ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் வாய் பேசாமல் சுவரோரமாக நடந்து, பெயர்களைப் படித்துக்கொண்டு போகிறார்கள்.

பழைய நகரத்தில் ட்லௌஹா தெருவின் பெயரைத் தாங்கிய டிராம் நிறுத்தம் இன்றும் இருக்கிறது. மணியடித்துக்கொண்டு வண்டி வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகப் பையோடு முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். முன்னால் ஏறுவதா, பின்னால் ஏறுவதா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.